சாற்றுக்கென்றே ஓர் ஆப்பிள்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் எலுமிச்சம்பழ அளவே உள்ள ஓர் ஆப்பிள் ரகம் இருக்கிறது. மங்கலான சிவப்புத் தோல். அதன் மேல் வெளிறிய புள்ளிகள். பச்சையாகக் கடித்தால் புளிப்பும் துவர்ப்பும் நாக்கைப் பிடிக்கும். பழக்கடைத் தட்டில் வைத்தால் விலை போகாது. ஆனால் சாறு பிழிவதற்கு இதைவிட நல்ல பழம் கிடையாது என்று அந்த வட்டாரத்தில் 18-ஆம் நூற்றாண்டிலேயே பெயர் வாங்கிவிட்டது. 'ஹியூஸ் கிராப்' என்பது இதன் பெயர். 'வர்ஜீனியா கிராப்' என்றும் சொல்வார்கள்.

கிராப் ஆப்பிள் என்றால் ஏதோ தனிப் பயிர் என்று எண்ண வேண்டியதில்லை. விட்டம் 5 செ.மீ.க்குக் குறைவாக இருக்கும் சிறு ஆப்பிள்களுக்கெல்லாம் பொதுவாக அந்தப் பெயர்தான். ஐரோப்பியர் கொண்டுவந்த ஆப்பிளும் அமெரிக்கக் காட்டு ஆப்பிளும் தானாகக் கலந்து ஹியூஸ் கிராப் பிறந்திருக்கலாம் என்பது பலரது கருத்து.

அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெபர்சன் மாண்டிசெல்லோ என்ற தமது பண்ணையின் வடக்குத் தோட்டத்தில் சைடர் என்னும் ஆப்பிள் பானத்துக்காக இந்த மரங்களை நட்டிருந்தார். வில்லியம் காக்ஸ் 1817-ல் வெளியிட்ட பழமரச் சாகுபடி நூலிலும் இந்த ரகத்துக்கு நல்ல இடம் உண்டு. ஆனால் மாண்டிசெல்லோ சைடரின் தரத்தைக் காத்தது ஜெபர்சனின் கை அல்ல. அங்கே அடிமையாக வைக்கப்பட்டிருந்த அர்சுலா கிரேஞ்சர் என்ற பெண்தான் சைடரைப் புட்டியில் அடைக்கும் வேலையைப் பார்த்தவர். நம்பிக்கையும் கைத்திறனும் சேர்ந்தவர் அவரைத் தவிர வேறு எவரும் இல்லை என்ற பொருளில் ஜெபர்சனே எழுதியிருக்கிறார். 1800-ல் அர்சுலா இறந்தார். தோட்டத்தின் புகழைப் பேசுகிறவர்கள் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

இவ்வளவு பெயர் பெற்ற மரம் பிறகு ஏன் காணாமல் போனது? வர்ஜீனியாவில் 1916-ல் மதுவிலக்கு வந்தது. 1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் அது நடப்பில் இருந்தது. சைடர் பழத்தை வாங்க ஆள் இல்லை. சந்தை கேட்டது பெரிய, பளபளப்பான, நெடுந்தூரம் போனாலும் கெடாத பழத்தை. சிறு பழ மரங்கள் வெட்டப்பட்டன. வெட்டாதவை கவனிப்பாரற்று நின்றன. ஹியூஸ் கிராப் அழிந்தே போயிற்று என்று பலரும் முடிவுகட்டியிருந்த நேரத்தில்தான் வில்லியம்ஸ்பர்க் பக்கத்தில் பழைய மரங்கள் இருப்பது தெரியவந்தது. அவற்றின் குச்சியை எடுத்து ஒட்டுக்கட்டி மறுபடி பெருக்கினார்கள்.

ஒட்டு ஒன்றே வழி

ஆப்பிள் விதையைப் போட்டால் தாய்மரத்தின் குணம் வராது. ஒரு ரகம் நிலைப்பது ஒட்டினால் மட்டுமே. குளிர்காலக் கடைசியில், மரம் உறக்கத்தில் இருக்கும்போது, பென்சில் கனத்தில் ஓராண்டுக் குச்சியை வெட்டி, ஈரம் காயாமல் குளிரில் வைத்திருந்து, வசந்தத் தொடக்கத்தில் வேர்ச்செடியில் ஒட்டுகிறார்கள். நடும்போது ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேல் நாலு விரற்கடை உயரத்தில் இருக்க வேண்டும். அது மண்ணில் புதைந்தால் ஒட்டுக்குச்சியே வேர் விட்டு, குட்டை மரமாக வளர வேண்டியது பெருமரமாகிவிடும்.

வேர்ச்செடியைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். 'எம் 9' என்ற குட்டை வேரில் ஒட்டினால் மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்கும். ஆனால் ஆயுள் முழுவதும் முட்டுக்கழி தேவை. 'எம்எம் 111' வேர் வறட்சியைத் தாங்கும், சொந்தக் காலில் நிற்கும். மரத்துக்கு மரம் 15 முதல் 20 அடி விட வேண்டும், காய்ப்பும் தாமதமாகும். நாற்று வேரில் வளரும் முழு மரத்துக்கு 25 முதல் 30 அடி வேண்டும். தண்ணீர் தேங்கும் மண் எந்த வேருக்கும் ஆகாது. மான்கள் தளிரை மேயும். எலியினத்துப் பிராணிகள் குளிர்காலத்தில் அடிப்பட்டையைக் கொறிக்கும். அடிமரத்தைச் சுற்றிக் கம்பிவலை கட்டாமல் விட்டவர்கள் ஒரே குளிர்காலத்தில் கன்றுகளை இழந்ததுண்டு.

துரு நோயும் ஒரு வழக்கும்

வர்ஜீனியாவில் ஆப்பிளுக்குப் பெரிய தலைவலி துரு நோய். இந்தப் பூஞ்சை ஓராண்டுக்கும் மேலாகச் சிவப்பு சீடர் மரத்தில் குடியிருந்து, வசந்த மழையில் ஆரஞ்சு நிறக் கூழாகப் பொங்கி, காற்றில் பறந்து ஆப்பிள் இலையைப் பற்றும். ஆப்பிளிலிருந்து திரும்பவும் சீடருக்குப் போகும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் அதற்குப் பிழைப்பில்லை. அதனால் 1914-ல் மாநில அரசு ஒரு சட்டம் போட்டது: தோட்டத்துக்கு ஆபத்தான தொலைவில் சீடர் மரம் நின்றால் வெட்டலாம். சீடர் வைத்திருந்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1928-ல் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஆப்பிள் பக்கமே தீர்ப்புச் சொன்னது. நின்ற மரத்தின் மதிப்புக்கு ஈட்டுத்தொகை கிடையாது. சீடர்க்காரரின் வயிற்றெரிச்சலில் அர்த்தம் இல்லாமல் இல்லை.

பதநீரும் கள்ளும் போல

அங்கே புளிக்காத ஆப்பிள் சாறு 'ஸ்வீட் சைடர்'. புளித்தது 'ஹார்ட் சைடர்'. நமது பதநீரும் கள்ளும் போலத்தான். பறித்த பழத்தை உடனே பிழிவதில்லை. ஓரிரு வாரம் நிழலில் குவித்து வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறிப் பழம் பதமாகும். பிறகு அழுகலைக் கழித்து, கழுவி, அரைத்து, துணியில் கட்டி அழுத்துகிறார்கள். 100 கிலோ பழத்துக்கு ஏறக்குறைய 60 லிட்டர் சாறு எதிர்பார்க்கலாம். காற்றுப் புகாத பாத்திரத்தில், குளிர்ச்சியான இடத்தில், வாரக்கணக்கில் மெல்லப் புளித்தால்தான் வாசனை தங்கும். ஹியூஸ் கிராப்பில் சர்க்கரை, புளிப்பு, துவர்ப்பு மூன்றும் கூடியிருப்பதால் வேறு பழம் கலக்காமலே சைடர் நன்றாக வரும். காற்றுப் பட்டால் காடியாகிவிடும். அதையும் சமையலுக்கு எடுத்துக்கொள்வார்கள்.

ஆடு மாடு மேய்ந்த நிலத்தில் உதிர்ந்த பழத்தைக் காய்ச்சாத சாற்றுக்குச் சேர்க்கக் கூடாது. 1996-ல் காய்ச்சாத ஆப்பிள் சாற்றிலிருந்த கிருமியால் அங்கே பலர் நோயுற்றார்கள். ஒரு குழந்தை இறந்தது. இன்று இதில் விதிகள் கடுமை.

சமையலுக்கு வந்தால், ஜெல்லிதான் முதலிடம். கொய்யா ஜெல்லி கிண்டிய பெண்களுக்கு இது புதிதல்ல. பழத்தைத் தோலுடன் வெட்டி, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டுக் குழைய வேகவைத்து, மெல்லிய துணியில் கட்டி இரவெல்லாம் தொங்கவிட வேண்டும். பிழியக் கூடாது, பிழிந்தால் ஜெல்லி கலங்கிவிடும். வடிந்த சாறு ஒரு படி என்றால் சர்க்கரை முக்கால் படி முதல் ஒரு படி. கொதிக்கவைத்து, குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழ வேண்டும். அதுதான் பதம். உறைய வைக்கும் பெக்டின் சத்து இந்தப் பழத்தில் இயற்கையாகவே நிறைய இருப்பதால் வேறெதுவும் சேர்க்க வேண்டாம்.

கூலியும் விலையும்

தொல்லை அறுவடையில் இருக்கிறது. பெரிய ஆப்பிள் ஒன்றைப் பறிக்கும் நேரமே சிறிய பழம் ஒன்றுக்கும் ஆகிறது. எடை நிற்பதோ கால் பங்கு. கீழே படுதா விரித்து மரத்தை உலுக்குவோர் உண்டு. அப்போதும் கூலி கட்டுப்படியாக வேண்டுமானால் பழத்தின் விலை சாதாரண ஆப்பிளைவிடக் கூடுதலாக இருந்தே தீர வேண்டும். பொதுச்சந்தை அந்த விலை தராது; சைடர் ஆலைதான் தர முடியும். எனவே வாங்குபவரை முன்னமே பேசிவைக்காமல் நிலம் முழுவதும் இதை நடுவது புத்திசாலித்தனம் அல்ல.

வர்ஜீனியாவின் டக்ஸ்பர் ஊரில் டயான் பிளின்ட் என்பவர் 'பாகி ரிட்ஜ்' என்ற தோட்டத்தில் பழைய ரகங்களை வைத்துச் சைடர் செய்து பெயர் வாங்கினார். 2017-க்குப் பிறகு அவர் சைடர் செய்வதை விட்டார், தோட்டத்தை விடவில்லை. பழத்தை மற்ற ஆலைகளுக்கு விற்கிறார். அதே மாநிலத்தில் நார்த் கார்டன் ஊரிலுள்ள 'அல்பமார்ல் சைடர்வொர்க்ஸ்' ஹியூஸ் கிராப் பழத்தை மட்டும் கொண்டே தனிச் சைடர் வெளியிடுகிறது.

சிறு தோட்டக்காரருக்குச் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. ஆப்பிளுக்கு வேற்று ரகத்து மகரந்தம் வேண்டும். கிராப் ஆப்பிள்கள் நிறையப் பூப்பவை என்பதால் அதற்கு ஏற்றவை. நம் இமாசலத் தோட்டங்களிலும் மகரந்தத்துக்காகவே கிராப் மரங்களை இடையிடையே நடுகிறார்கள். அப்படி வரிசைக்கு ஒன்றிரண்டாக ஹியூஸ் கிராப்பை நட்டுக்கொண்டால், பூக்கிற வாரம் மற்ற மரங்களுக்கு, காய்க்கிற மாதம் வீட்டு ஜெல்லிக்கு, மிஞ்சுவது ஆலைக்கு.