மோட்டார் கிளம்பும் நேரம்

நம் குடியிருப்புகளில் தண்ணீர் மோட்டாரைப் போட்டதும் விளக்கு ஒரு கணம் மங்கிப் பழையபடி எரிவதைப் பார்த்திருப்பீர்கள். "டேங்க் உயரத்துல இருக்கு, லோடு ஜாஸ்தி" என்பார்கள். நாற்பது ஆண்டாக மோட்டார், பம்பு வியாபாரம் செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: காரணம் அதுவல்ல.

நாம் பெரிதும் பயன்படுத்துவது தூண்டல் மோட்டார். நிகோலா டெஸ்லா இதற்கான காப்புரிமைகளை 1888-இல் பெற்றார். வெளிக்கூட்டிலுள்ள காயிலில் மின்சாரம் பாய்ந்ததும் காந்தப்புலம் சுழல்கிறது. நடுவிலுள்ள ரோட்டருக்குக் கம்பி இணைப்பு கிடையாது. சுழலும் புலமே அதில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. ரோட்டர் புலத்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது.

நான்கு துருவ மோட்டாரில், நம் நாட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், புலம் நிமிடத்துக்கு 1500 சுற்று. முழு லோடில் ரோட்டர் ஏறத்தாழ 1440. இடைவெளி 60 தான். ஆனால் நின்ற நிலையில் இடைவெளி முழு 1500! ரோட்டரில் தூண்டப்படும் மின்சாரம் அப்போது மிக அதிகம். அதற்கு ஈடாக மோட்டார் வழக்கத்தைப்போல் 5 முதல் 7 மடங்கு ஆம்பியர் இழுக்கிறது. லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதல் கணத்தில் இதே கணக்குதான். அந்த இழுப்பு எத்தனை நேரம் நீடிக்கும் என்பதைத்தான் லோடு தீர்மானிக்கிறது.

ஆபத்தும் அந்த நேரத்தில்தான். சூடு ஆம்பியரின் வர்க்கப்படி ஏறும்: 6 மடங்கு ஆம்பியர் என்றால் 36 மடங்கு சூடு. சில விநாடி தாங்கும். நீண்டால் காயில் கருகும். வோல்டேஜ் குறைந்தால் இன்னும் மோசம். சுழற்றும் விசையும் வர்க்கப்படிதான். 100-க்கு 80 வோல்டேஜ் வந்தால் விசை 64 தான். மோட்டார் திணறும், இழுப்பு நீளும்.

ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் தொடக்கத்தில் லைன் மின்சாரத்தை மூன்றில் ஒன்றாக்கும். விசையும் மூன்றில் ஒன்றாகிவிடும். ஆகவே, லேசாகக் கிளம்பும் பம்புக்குச் சரி. லோடோடு கிளம்பும் இயந்திரத்துக்கு ஒத்துவராது.

ஸ்டார்ட்டர் ட்ரிப் ஆனால் பச்சைப் பட்டனை மறுபடி மறுபடி அழுத்தாதீர்கள். ஒவ்வொரு அழுத்தலும் ஆறாத காயிலில் அந்த 36 மடங்கு சூட்டை ஏற்றும். சுற்றாமல் உறுமினால் உடனே அணையுங்கள்: சிங்கிள் ஃபேஸ் என்றால் கண்டென்சர் போயிருக்கலாம், த்ரீ ஃபேஸ் என்றால் ஒரு ஃபேஸ் வராமலிருக்கலாம். இதை வாட்ச்மேனுக்கும் அவர் பாஷையில் சொல்லி வையுங்கள். கோடையில் ரீவைண்டிங் முடியும்வரை கட்டிடமே குடமும் கையுமாக நிற்க வேண்டாமே!