இட்லி மாவும் நான்காம் ஆண்டும்: ஆஸ்திரேலியாவில் ஹானர்ஸ் எப்படி இயங்குகிறது?

மெல்பர்னிலோ சிட்னியிலோ பி.ஏ. முடிக்கப்போகும் பிள்ளை, "இன்னும் ஒரு வருஷம் ஹானர்ஸ் பண்ணப்போறேன்" என்றதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி: "அதுக்கு எம்.ஏ.வே படிச்சிடலாமே?" தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு பி.ஏ. மூன்று வருடம், அடுத்து எம்.ஏ. இரண்டு வருடம் என்பதுதான் பழக்கம். யாழ்ப்பாணத்திலோ பேராதனையிலோ படித்தவர்களுக்கு நான்கு வருடச் சிறப்புக் கலைமாணி தெரியும். ஆஸ்திரேலியக் கலைப் பட்டத்தில் ஹானர்ஸ் பெரும்பாலும் மூன்றாண்டுப் பட்டத்துக்குப் பின் தனியாக விண்ணப்பித்துச் சேரும் ஓர் ஆண்டு. அந்நாட்டின் கல்வித் தகுதி வரிசையில் சாதாரணப் பட்டம் 7ஆம் படி, ஹானர்ஸ் 8ஆம் படி, முதுகலை 9, முனைவர் பட்டம் 10. ஆனால் முதல் வகுப்பு ஹானர்ஸ் பெற்றவர் 9ஆம் படியைத் தாண்டி நேரே முனைவர் ஆய்வுக்குப் போகலாம்.

ஒரே ஆண்டில் அப்படி என்ன நடக்கிறது? இட்லி மாவை வைத்துச் சொல்கிறேன்.

பாக்கெட் மாவும் வீட்டு மாவும்

முதல் மூன்று ஆண்டுகள் கடையில் மாவு வாங்கி இட்லி ஊற்றுவதைப் போன்றவை. கேள்வியை ஆசிரியர் தருகிறார், படிக்க வேண்டிய பட்டியலையும் அவரே தருகிறார். 2,000 சொற்களில் கட்டுரை எழுதி நீங்கள் அவித்து எடுக்கிறீர்கள். அதிலும் திறமை வேண்டும்தான். ஆனால் மாவு உங்களுடையது அல்ல.

நான்காம் ஆண்டில் அரிசி வாங்குவதிலிருந்து எல்லாம் உங்கள் பொறுப்பு. கேள்வி உங்களுடையது. துறைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஏற்ப 12,000 முதல் 20,000 சொற்கள் வரை ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். கூடவே சில கருத்தரங்கு வகுப்புகள் உண்டு. பல இடங்களில் ஆண்டு மதிப்பெண்ணில் பாதியோ அதற்கு மேலோ ஆய்வேட்டுக்குத்தான்.

ஊற வைத்தல்: நுழைவு

காலையில் இட்லி வேண்டுமென்றால் முந்தின நாளே ஊறப்போட வேண்டும். ஹானர்ஸுக்கு அந்த முந்தின நாள், மூன்றாம் ஆண்டின் இரண்டாம் பருவம். முதன்மைப் பாடத்தை முழுதாக முடித்திருக்க வேண்டும். அதில் சராசரி 70 அல்லது அதை ஒட்டிய மதிப்பெண்ணைப் பல பல்கலைக்கழகங்கள் கேட்கின்றன. ஆனால் மதிப்பெண் மட்டும் போதாது. உங்கள் தலைப்பை அறிந்த ஆசிரியர் ஒருவர் வழிகாட்டியாக அமைய வேண்டும். ஆகவே செப்டம்பரிலேயே ஒரு பக்கத்தில் எண்ணத்தை எழுதிக்கொண்டு அவர் அறைக் கதவைத் தட்டுங்கள். முதல் எண்ணம் எப்போதும் அகலமாகத்தான் இருக்கும். அதைக் குறுக்கத்தான் அந்தச் சந்திப்பு.

ஒரு மாணவி "வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை" என்று போகிறாள் என்று வையுங்கள். 1901இன் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் தொடங்கி எழுபது ஆண்டுகளுக்கு மேல் நீண்ட கதை அது; ஓராண்டில் அடங்காது. "1890களில் விக்டோரியாவின் ஊர் ஊராகப் போய்த் துணி விற்ற இந்தியச் சுமை வியாபாரிகளைப் பற்றி ஒரு மாவட்டத்துப் பத்திரிகைகள் என்ன எழுதின?" என்பது அடங்கும். சாதாரணப் பாத்திரத்தில் அண்டா மாவை ஊற்ற முடியாது.

மனிதர்களிடம் பேட்டி எடுக்கும் ஆய்வென்றால் அறநெறிக் குழுவின் அனுமதி முதலில் வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். மார்ச் மாதமே விண்ணப்பிப்பது நல்லது. பூர்வகுடி மக்களைப் பற்றிய ஆய்வுக்குத் தனி நெறிமுறைகளும் உண்டு. அந்தச் சமூகத்தாரோடு கலந்து பேசியே ஆய்வு நடக்க வேண்டும் என்கின்றன அவை.

அரைத்தல்: நாலுக்கு ஒன்று

அரிசியையும் உளுந்தையும் தனித்தனியாக அரைக்கிறோம். அரிசி சற்றுக் கொரகொரப்பாக, உளுந்து பொங்கப் பொங்க.

ஆய்வேட்டில் அரிசி என்பது உங்கள் சான்றுகள். அந்த மாணவிக்கு ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்' தளத்தில் பழைய செய்தித்தாள்கள் இலவசமாகவே கிடைக்கும். உளுந்து என்பது முன்னால் எழுதியவர்களின் வாதங்கள், கோட்பாடுகள். உளுந்து இல்லாவிட்டால் இட்லி கல்லாகும். செய்திக் குறிப்புகளை வரிசையாக அடுக்கியதோடு ஆய்வேடு நின்றுவிடும். உளுந்து மிஞ்சினால் பிசுபிசுத்துத் தட்டையாகும். பெரிய அறிஞர்களின் பெயர்கள் மட்டும் மிதக்கும், சுமை வியாபாரி காணாமல் போவார். சான்று நாலு பங்கு, கோட்பாடு ஒரு பங்கு என்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் தனித்தனிக் குறிப்பேடு வையுங்கள். பத்திரிகை சொன்னது எது, வரலாற்றாசிரியர் சொன்னது எது என்பது கடைசிவரை குழம்பாது.

புளித்தல்: ஜூலை மாதத்துக் குளிர்

இந்த ஆண்டின் இதயம் இதுதான். மெல்பர்னில் ஜூன், ஜூலை மாதங்களில் மாவு பொங்காது என்பது அங்குள்ள தமிழ் வீடுகள் அனைத்துக்கும் தெரியும். ஓவனைச் சூடாக்காமல் உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டு, பாத்திரத்தை இரவெல்லாம் அதில் வைப்பார்கள். காலையில் மாவு மூடியைத் தொட்டிருக்கும்.

ஹானர்ஸ் மாணவரின் மாவும் சரியாக அந்த மாதங்களில்தான் அசையாமல் கிடக்கும். குறிப்புகள் நிறைந்திருக்கும், வாதம் எழுந்திருக்காது. "எனக்கு இது வராது" என்ற நினைப்பு வரும். மாவு கெட்டுவிடவில்லை, அதற்குச் சூடு போதவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வழிகாட்டியைச் சந்திப்பது, குறையோடு இருந்தாலும் ஓர் இயலை எழுதிக் காட்டுவது, சக மாணவர்கள் முன் பேசிக் கேள்வி வாங்குவது எல்லாம் அந்தச் சிறு விளக்கின் சூடு. வெட்கப்பட்டு வழிகாட்டியைத் தவிர்ப்பதுதான் இந்த ஆண்டின் பெரிய ஆபத்து. குளிரில் இருக்கும் பாத்திரத்தைக் கொண்டுபோய் இன்னும் குளிரான இடத்தில் வைப்பது அது.

அவித்தல், பரிமாறுதல்

செப்டம்பரில் தட்டு அடுப்பில் ஏறிவிட வேண்டும். அதற்குப் பிறகு புதுப் புத்தகம் தேடாதீர்கள். ஆவி வந்தபின் யாரும் அரிசி சேர்ப்பதில்லை. அக்டோபரை ஒட்டி வரும் கெடுவுக்குள் முழு வரைவை வழிகாட்டி ஒரு முறை படிக்க நேரம் விடுங்கள்.

பரிமாறும்போது சாப்பிடுகிறவர்கள் சமையலறைக்கு வராதவர்கள். பொதுவாக இரண்டு தேர்வாளர்கள் படிப்பார்கள். வழிகாட்டி பெரும்பாலும் அவர்களில் ஒருவராக இருக்கமாட்டார். நீங்கள் பட்ட பாடு அவர்களுக்குத் தெரியாது, தட்டில் இருப்பது மட்டுமே தெரியும். அதனால் முதல் இரண்டு பக்கங்களிலேயே கேள்வி எது, பதில் எது என்று சொல்லிவிட வேண்டும். 80க்கு மேல் என்றால் பொதுவாக முதல் வகுப்பு. முனைவர் ஆய்வுக்கான உதவித்தொகைப் போட்டியில் அதுதான் பெரிய பலம்.

யாருக்கு இது?

எல்லாருக்கும் அல்ல. பள்ளி ஆசிரியராக விரும்புகிறவருக்கு ஆசிரியப் பயிற்சி முதுகலையே நேர்வழி. செலவும் சிறியதல்ல: 2021இல் கட்டண முறை மாறியபோது வரலாறு, சமூகவியல் போன்ற பாடங்களுக்கு உள்நாட்டு மாணவரின் பங்கு ஆண்டுக்கு 14,500 டாலராக உயர்ந்தது, பிறகு மேலும் ஏறியது. ஆனால் தூங்கவிடாத ஒரு கேள்வியைச் சுமக்கிற பிள்ளைக்கு, தானியத்திலிருந்து ஆவி வரை முழுப் பொறுப்பும் தன் கையில் இருக்கும் முதல் ஆண்டு இது. அந்தப் பழக்கம் அலுவலகத்துக்குப் போனாலும் ஆய்வுக்குப் போனாலும் கூடவே வரும்.

பெற்றோருக்கு ஒன்று. ஜூலையில் பிள்ளை முகம் வாடி வந்தால், "எத்தனை பக்கம் எழுதியிருக்கே?" என்று கேட்காதீர்கள். "அந்தத் துணி வியாபாரி என்ன ஆனார்?" என்று கேளுங்கள். சாப்பாட்டு மேசையில் அவள் அதைச் சொல்லத் தொடங்கும்போது ஓவன் விளக்கு எரிகிறது என்று பொருள்.