களிமண்ணுக்கு உயிரூட்டும் கலை

1965-ஆம் ஆண்டுவரை தருமபுரியையும் தன்னுள் அடக்கியிருந்த சேலம் மாவட்டத்தின் தலைநகரில், டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், அமெரிக்கரோடு கூட்டுச் சேர்ந்து 1952-இல் ‘தி ஜங்கிள்’ என்ற ஆங்கிலப் படத்தை எடுத்தபோது, என்றோ பூண்டற்றுப் போன மாமத் யானைகளைத் திரையில் நடமாடவிட வேண்டி, நம் நாட்டு யானைகளுக்கே உரோமப் போர்வை அணிவித்துக் காரியத்தைச் சாதித்தார்கள். அதற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே, ‘கிங் காங்’ படத்தில், உலோக எலும்பும் ரப்பர் உடலும் முயல் உரோமமும் கொண்ட பொம்மைக் குரங்கைச் சிறிது சிறிதாக அசைத்து, ஒவ்வோர் அசைவையும் தனித்தனியே படம்பிடித்து, வில்லிஸ் ஓப்ரையன் உலகையே பிரமிக்க வைத்திருந்தார். முதல் வழிக்கு யானையும் ஸ்டுடியோவும் வேண்டும். இரண்டாவதற்குப் பொறுமை என்னும் மூலதனமே பிரதானம். ஆகவே, ஸ்டாப் மோஷன் என்னும் இந்த வித்தை, தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரத்திலும் அரூரிலும் படிக்கும் மாணவர்களுக்கே மிகவும் உரியது என்பது என் திடமான அபிப்பிராயம்.

அந்தப் பொறுமைக்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. இந்தியத் திரைப்படத்தின் பிதாவாகிய தாதாசாகிப் பால்கே, பட்டாணி விதையொன்றைத் தொட்டியில் ஊன்றி, அது முளைத்துக் கொடியாகும் வரை ஒரு மாதத்துக்கும் மேலாக, காமிராவை இடம் பெயர்க்காமல் சிறுகச் சிறுகப் படமெடுத்தார். ஒரு மாத வளர்ச்சி ஒரு நிமிஷத்தில் திரையில் நிகழ்ந்ததைக் கண்ட பின்னரே, 1913-இல் வெளிவந்த ‘ராஜா ஹரிச்சந்திரா’வுக்குப் பொருளுதவி கிட்டியது. பின்னர் 1915-இல் தீக்குச்சிகளையே நடிகர்களாக்கியும் அவர் படம் எடுத்தார்.

ஒகேனக்கல் சுழலில் பரிசல் திரும்புவதை ஒரு மாணவன் படமாக்க விரும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். மூங்கில் சிம்பால் உள்ளங்கை அகலத்தில் பரிசலை முடையலாம். மெல்லிய அலுமினியக் கம்பியின்மேல், கடையில் விற்கும் காயாத வண்ணக் களிமண்ணை அப்பிப் பரிசல்காரரை உருவாக்கலாம். தண்ணீரைத் தண்ணீராகவே வைத்தால் அது நம் சொற்படி நிற்காது. நீலக் காகிதத்தின்மேல் கசக்கி விரித்த பாலிதீன் தாளின் மடிப்புகளைப் படத்துக்குப் படம் சற்றே நகர்த்தினால் அலை எழும். விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடும் திரையில், ஒவ்வொரு படத்தையும் இருமுறை காட்டினால், ஒரு நிமிஷத்துக்கு 720 படங்கள் போதும். பரிசலை எப்போதும் ஒரே அளவு திருப்பினால் அது யந்திரம்போல் தோன்றும். முதலில் மயிரிழை, பிறகு மெல்ல மெல்ல அதிகம், நிற்கும் தறுவாயில் மீண்டும் மயிரிழை என்று திருப்பினால்தான் அதற்குப் பாரமும் வேகமும் வாய்க்கும். ஜன்னலை அடைத்து விளக்கொளியில் எடுப்பதும், கைப்பேசியைத் தாங்கியில் இறுகப் பொருத்தி அதன் குவியத்தையும் ஒளியளவையும் பூட்டிவைப்பதும் அவசியம். மேகம் கடக்கும் ஒவ்வொரு முறையும் வெளிச்சம் மாறினால் படம் துடித்துக் கண்ணை உறுத்தும்.

கதைக்குத் தருமபுரி மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. இன்றைய தருமபுரியாகிய தகடூரை ஆண்ட அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த வரலாறு இரண்டே பொம்மைகளால் சொல்லத்தக்கது. தருமபுரி அரசு அருங்காட்சியகத்து நடுகற்களில் வில்லும் வாளும் ஏந்தி நிற்கும் வீரர்களோ, அசைவின் ஒரு கணத்தில் உறைந்தவர்கள். அதற்கு முந்திய கணத்தையும் பிந்திய கணத்தையும் கற்பனை செய்வதே மாணவனுக்குச் சிறந்த பாடம்.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் சிறார் திரைப்படங்கள் காட்டப்படுகின்றன. பார்க்கும் அந்த நல்ல வழக்கத்தோடு, வாரம் ஒரு பிற்பகல் படம் செய்து பார்க்கும் பயிற்சியும் சேரவேண்டும். அசைவைக் கணினி தானே கணக்கிட்டுத் தரும் காலம் இது என்பது உண்மையே. ஆயினும், ஒரு நடையை அடியடியாகத் தன் கையால் சிருஷ்டித்துப் பார்த்த மாணவனே, நாளை அந்தக் கணினி தருவதில் எது உயிருள்ளது, எது உயிரற்றது என்று பகுத்துணர வல்லவனாவான்.