நாணயம் காக்கும் பெயர்ப்பதிவுகள்

வணிகத்திற்குப் பணம் மட்டுமே முதல் அன்று, நாணயமும் முதலாகும். கடிதத்தாளில் அச்சிட்ட பெயரையும் அடியில் இட்ட கையொப்பத்தையும் நம்பி, முகமறியாத வணிகருக்குச் சரக்கு அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. அக்கடிதத்தாளின் இடத்தை இன்று மின்னஞ்சல் பெற்றுள்ளது. ஆயின் மின்னஞ்சலில் அனுப்புநர் பெயரை எவரும் தம் விருப்பம்போல் எழுதிக்கொள்ள இயலும். 1982-ஆம் ஆண்டு ஜான் போஸ்டல் வரைந்த எஸ்.எம்.டி.பி. என்னும் அஞ்சல் நெறிமுறையில், அனுப்புவோர் அப்பெயருக்கு உரியவர்தாமா எனச் சோதிக்கும் வழி இல்லை. அதனால் ஒரு நிறுவனத்தின் பெயரால் பிறர் பொய்க்கடிதம் எழுதவும், அந்நிறுவனமே எழுதிய உண்மைக் கடிதம் ஐயத்திற்கு உரியதாகி ஒதுக்கப்படவும் இடம் ஏற்பட்டது. இக்குறையைக் களையச் சிறு வணிகர் செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடுகளை ஈண்டுக் காண்போம்.

பெயரும் எண்ணும்

இணையத்தில் கணிப்பொறிகள் ஒன்றையொன்று எண்களாலேயே அறிகின்றன. மனிதர்களோ பெயர்களையே நினைவில் கொள்கின்றனர். இவ்விரண்டையும் இணைக்கும் பட்டியல், தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒரே கோப்பாகப் பேணப்பட்டது. கணிப்பொறிகள் பெருகியபோது அவ்வொரு பட்டியல் போதவில்லை. 1983-இல் பால் மொக்காபெட்ரிஸ் என்பார் டி.என்.எஸ். எனப்படும் பெயர் முறைமையை வகுத்தார். 1987-இல் திருத்தி வெளியிடப்பட்ட அதன் விதிகளே இன்றும் அடிப்படையாக உள்ளன.

இம்முறைமையின் சிறப்பு, பொறுப்பைப் பகிர்ந்தளிப்பதாகும். வேர் வழங்கிகள், ‘.காம்’, ‘.இன்’ போன்ற ஈறுகளை அறிந்தவர் யாவர் எனக் கூறும். அவர்களோ குறிப்பிட்ட நிறுவனப் பெயரின் பதிவேடு எங்குள்ளது எனக் கூறுவர். அப்பதிவேட்டில் என்ன எழுதுவது என்பது பெயருக்கு உரியவரின் பொறுப்பு. எனவே அதில் நாம் எழுதுவன யாவும் உலகோர் முன் நாம் அளிக்கும் வாக்குமூலம் எனலாம்.

முதற்பதிவுகள்

ஒரு சிறு தோல்பொருள் நிறுவனம் தனக்கென ஒரு வழங்கியை, அதாவது சர்வரை, வாடகைக்குப் பெற்றுள்ளதாகக் கொள்வோம். எடுத்துக்காட்டுகளுக்கென ஒதுக்கப்பட்ட ‘எக்சாம்பிள்.காம்’ என்பது அதன் பெயராகவும், அவ்வாறே ஒதுக்கப்பட்ட 203.0.113.10 என்பது அதன் எண்ணாகவும் இருக்கட்டும்.

முதலாவது, ‘ஏ’ பதிவு. ‘மெயில்.எக்சாம்பிள்.காம்’ என்னும் பெயருக்கு உரிய எண் இன்னது என இது தெரிவிக்கும். இரண்டாவது, எம்.எக்ஸ். பதிவு. இந்நிறுவனத்திற்கு வரும் அஞ்சலைப் பெற்றுக்கொள்ளும் வழங்கி எது என இது சொல்லும். எம்.எக்ஸ். பதிவில் வழங்கியின் பெயரையே எழுதுதல் வேண்டும், எண்ணை எழுதலாகாது. அப்பெயரும் சி-நேம் என்னும் மாற்றுப்பெயராக இருத்தல் கூடாது. இப்பதிவில் ஒரு முன்னுரிமை எண்ணும் உண்டு. 10, 20 என இரு வழங்கிகள் குறிக்கப்பட்டிருப்பின், சிறிய எண்ணுடையதே முதலில் நாடப்படும். அது கிட்டாதபோது மற்றது நாடப்படும்.

மூன்றாவது, பி.டி.ஆர். என்னும் எதிர்த்திசைப் பதிவு. இது எண்ணைக் கொண்டு பெயரைக் கூறுவது. இதனை நம் பதிவேட்டில் எழுதிப் பயனில்லை. எண்ணை வாடகைக்கு அளித்த நிறுவனமே அமைத்துத் தருதல் வேண்டும். பெயர் எண்ணைக் காட்ட, எண் அப்பெயரையே திரும்பக் காட்டினால் இரண்டும் ஒத்தனவாகும். ஒவ்வாதவிடத்துப் பெறுவோர் அஞ்சலை மறுப்பதுண்டு. அஞ்சல் வெளிச்செல்லும் 25-ஆம் எண் வாயிலைப் பல வாடகை நிறுவனங்கள் அடைத்து வைத்திருப்பதால், அதனையும் முன்னரே கேட்டறிதல் நன்று.

மூவகைக் காவல்

மேற்கூறியவை அஞ்சல் போக்குவரத்திற்கு வழி செய்வன. அஞ்சலின் உண்மையைக் காப்பவை வேறு மூன்று. அவை டெக்ஸ்ட் எனப்படும் உரைப்பதிவுகளாக எழுதப்படுகின்றன.

ஒன்று, எஸ்.பி.எஃப். நம் பெயரால் அஞ்சல் அனுப்ப உரிமை பெற்ற வழங்கிகள் எவை என இது பட்டியலிடும். அதன் இறுதியில் கழித்தற்குறியோடு ‘ஆல்’ என எழுதினால், பிற யாவும் உரிமையற்றவை என்பது பொருள். ஒரு பெயருக்கு ஒரே எஸ்.பி.எஃப். பதிவுதான் இருக்கலாம், இரண்டு எழுதினால் இரண்டும் பயனற்றுப் போகும். அதனைச் சோதிக்கப் பிற பதிவுகளைத் தேடிச் செல்லும் முறை பத்துக்கு மிகுதலும் கூடாது.

இரண்டு, டி.கே.ஐ.எம். இது முத்திரை போன்றது. வழங்கி தன்னிடமுள்ள மறைச்சாவியால் ஒவ்வோர் அஞ்சலிலும் முத்திரையிடும். அதற்கு இணையான பொதுச்சாவி நம் பதிவேட்டில் இருக்கும். பெறுபவர் அதனைக் கொண்டு முத்திரையைச் சரிபார்ப்பார். வழியில் எவரேனும் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றியிருப்பின் முத்திரை பொருந்தாது. ஒருவர் தமக்கு வந்த அஞ்சலை வேறு முகவரிக்குத் தானே செல்லுமாறு அமைத்திருந்தால் எஸ்.பி.எஃப். பொய்த்துப் போகலாம், அஞ்சல் மாறாதவரை முத்திரை நிலைத்து நிற்கும்.

மூன்று, டிமார்க். எஸ்.பி.எஃப். சோதிப்பது உறையின்மேல் உள்ள பெயரை. படிப்பவர் கண்ணில் படுவதோ உள்ளிருக்கும் கடிதத்தலைப்பின் பெயர். இவ்விரண்டும் வேறுபட்டிருத்தலே ஏமாற்றுவோருக்கு வாய்ப்பாயிற்று. எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். இரண்டனுள் ஒன்றேனும் தேறுவதோடு, தேறிய பெயர் கடிதத்தலைப்பின் பெயரோடு பொருந்தவும் வேண்டும் என்பதே டிமார்க் விதி. பொருந்தாதவற்றை என்ன செய்வது என்பதை நாமே அறிவிக்கலாம்: அப்படியே விடுக, ஒதுக்கி வைக்க, மறுத்துவிடுக என அது மூவகைப்படும். தொடக்கத்தில் முதல்வகையை வைத்து, வந்துசேரும் அறிக்கைகளைச் சில வாரங்கள் ஆராய்ந்து, பின்னர் மறுப்பு நிலைக்கு உயர்த்துவதே அறிவுடைமை. முதல்நாளே மறுப்பை எழுதினால், கணக்குப்பிரிவு அனுப்பும் விலைப்பட்டியலே மறுக்கப்படலாம்.

2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் முகவரிகளுக்கு அஞ்சல் அனுப்புவோர் யாவரும் எஸ்.பி.எஃப். அல்லது டி.கே.ஐ.எம். உடையவராக இருத்தல் வேண்டும் எனக் கூகுள் விதித்தது. நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புவோர்க்கு மூன்றும் கட்டாயமாயின. எனவே இவை பெருநிறுவனங்களுக்கு மட்டுமே உரியன எனச் சிறுவணிகர் எண்ணுதல் பொருந்தாது.

கருத்தில் கொள்ளத்தக்கன

ஒவ்வொரு பதிவிற்கும் டி.டி.எல். என்னும் ஆயுட்காலம் நொடிக்கணக்கில் குறிக்கப்படும். அக்காலம் முடியும்வரை பிறர் பழைய விடையையே வைத்திருப்பர். 86,400 என இருப்பின் மாற்றம் முழுமையாகப் பரவ ஒரு நாள் ஆகலாம். ஆதலின் வழங்கியை மாற்ற எண்ணுவோர், ஒரு நாளுக்கு முன்னரே அதனை 300 எனக் குறைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

பெயரை யார் கணக்கில் பதிவு செய்வது என்பது இவற்றினும் முதன்மையானது. அமைத்துக் கொடுக்கும் தொழில்நுட்பரின் கணக்கில் பதிந்துவிட்டால், அவர் விலகும் நாளில் நிறுவனத்தின் பெயரே கைவிட்டுப் போகக்கூடும். உரிமை உரிமையாளரிடமே இருத்தல் வேண்டும். புதுப்பிக்கும் நாளைக் கணக்கேட்டில் குறித்து வைத்தலும் கடமையாகும். தவறினால் கடிதப் போக்குவரத்து முழுவதும் நின்றுவிடும்.

இக்காவல்கள் எல்லாத் தீங்கையும் தடுப்பன அல்ல. ஓரெழுத்து மட்டும் மாறிய போலிப்பெயரைப் பதிவு செய்பவரையோ, கடவுச்சொல்லைத் திருடி உள்ளே நுழைபவரையோ இவை தடுக்கமாட்டா. ஆதலின் வங்கிக் கணக்கு எண் மாறியதாக மின்னஞ்சல் வரின், முன்பே அறிந்த தொலைபேசி எண்ணில் பேசி உறுதி செய்த பின்னரே பணம் அனுப்புதல் தகும்.

முடிவுரை

மேற்கண்ட பதிவுகளை எழுதப் பெருஞ்செலவு இல்லை; பொறுமையும் ஒருசில மணி நேர உழைப்பும் போதும். அவற்றை எழுதாது விடுவதால் இழக்கப்படுவதோ பன்னாள் உழைத்துப் பெற்ற நற்பெயர். பொய்க்கடிதத்தை நம்பிப் பணம் இழந்த வாடிக்கையாளர், அதனை எழுதிய கள்வனை அறியார். கடிதத்தில் கண்ட நிறுவனத்தையே குறை கூறுவார். கடைக்குப் பூட்டு வாங்கும் வணிகர், தம் பெயருக்கும் ஒரு பூட்டு வேண்டும் என உணர்தல் நலம். கணிப்பொறி கற்கும் மாணவர்கள் இவ்வறிவைத் தம் ஊர்ச் சிறுவணிகர்க்குப் பயன்படச் செய்வார்களாயின், அவர்கள் கற்ற கல்வி பிறர் நாணயத்தைக் காக்கும் கருவியாகவும் அமையும்.