சிறு முள்ளுக்கு ஏற்ற இறகு

காவிரியின் கடைமடையான கோட்டுச்சேரிக்கும் அதைச் சூழ்ந்த காரைக்கால் ஊர்களுக்கும் நெல்வயலின் பச்சைத் தத்துப்பூச்சி நன்கு அறிமுகமானது. ஆனால் அந்தப் பூச்சியின் குடும்பத்தைச் சேர்ந்த சிறு பூச்சிகளை இறகால் செய்து மீன் பிடிக்கும் நுட்பம் வேறொரு கண்டத்தில் வளர்ந்தது என்பதும், அதற்கு உகந்த இறகு தென்னிந்தியக் காட்டிலிருந்து சென்றது என்பதும் இங்கு அதிகம் பேசப்படுவதில்லை. தூண்டில் முள்ளின் மேல் நூலையும் இறகையும் சுற்றிப் பூச்சியின் தோற்றத்தை உண்டாக்கும் இந்தப் பொய்ப்பூச்சி மிகப் பழமையானது. மாசிடோனியர் செங்கம்பளியையும் சேவலின் தாடியடியில் வளரும் இரண்டு இறகுகளையும் முள்ளில் கட்டி மீன் பிடித்ததை, கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த ஏலியன் எழுதிவைத்திருக்கிறார்.

நெல்மணியைவிடச் சிறிய முள்ளில் பொய்ப்பூச்சி கட்டும்போது பெரிய முள்ளின் விதிகள் அப்படியே பொருந்துவதில்லை. நீரின் மேற்பரப்பு தன்னை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் பரப்பு இழுவிசை, மிதக்கும் பொருள் நீரைத் தொடும் விளிம்பின் நீளத்தைப் பொறுத்தது. எடையோ பருமனைப் பொறுத்தது. ஆகவே ஒரு பொருளின் எல்லா அளவுகளையும் பாதியாக்கினால் அதைத் தாங்கும் விசை பாதியாகக் குறைய, எடை எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. எடையோடு ஒப்பிட்டால் தாங்கும் வலிமை நான்கு மடங்கு கூடுகிறது. சிறிய பொய்ப்பூச்சிக்கு இறகைக் குறைத்துச் சுற்றுவதே சரி என்பதற்கு இதுவே அடிப்படை. மிகையாகச் சுற்றிய இறகு பூச்சியின் வடிவத்தை மறைப்பதோடு, முள்ளின் வாயை அடைத்து மீன் கொளுவாமல் தப்பவும் வழிசெய்யும்.

சேவலின் கழுத்திறகில் நடுத்தண்டிலிருந்து கிளைப்பவை இழைகள். அந்த இழைகளிலிருந்து மேலும் கிளைப்பவை நுண்ணிழைகள். நுண்ணிழைகள் நெருங்கிப் பின்னிய அடிப்பகுதி நீரை உறிஞ்சும் என்பதால் அதை உரித்துவிட்டு, நுண்ணிழை குறைந்து விறைப்பாக இருக்கும் நுனிப்பகுதியையே மிதக்கும் பூச்சிக்குக் கொள்ள வேண்டும். இறகை வளைத்துப் பார்த்தால் இழைகள் நிமிர்ந்து நிற்கும். அப்போது அவற்றின் நீளம் முள்ளின் வாயைப்போல், அதாவது நுனிக்கும் தண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப்போல், ஒன்றரை முதல் இரண்டு மடங்குக்குள் இருப்பது நல்லது. இவ்வளவு குட்டையான இழைகள் கழுத்தின் மேற்பகுதியில், தலையை ஒட்டித்தான் கிடைக்கும். நடுத்தண்டு தடித்திருந்தால் சுற்று கோணலாகும் என்பதால், இழையின் நீளம் சரியாக அமைந்தாலும் அத்தகைய இறகை ஒதுக்கிவிடுவதே முறை.

வாத்து இறகின் இயல்பு வேறு. வாலடியிலுள்ள எண்ணெய்ச் சுரப்பியைச் சுற்றி வளரும் மென்தூவியை 1920-களிலேயே சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைப்பகுதியினர் பயன்படுத்தினர். அது மிதப்பதற்கு எண்ணெய் ஓரளவே காரணம். எண்ணற்ற நுண்ணிழைகள் காற்றைச் சிறைப்படுத்திக்கொள்வதே முதன்மைக் காரணம். அதனால்தான் பசை போன்ற மிதவைப் பூச்சை அதில் தடவினால், இழைகள் ஒட்டிக்கொண்டு மிதக்கும் பண்பே கெட்டுவிடுகிறது. அறுவடை முடிந்த வயல்களில் வாத்துக்கூட்டம் மேய்க்கப்படும் காவிரிப் படுகையில் இத்தூவி அரிதான பொருளன்று. இரண்டு மூன்று தூவிகளே ஒரு சிறு பூச்சியின் சிறகுக்குப் போதும்.

நூலிலும் இதே சிக்கனம் வேண்டும். 9,000 மீட்டர் நூலின் எடையைக் கிராமில் குறிக்கும் அளவு டெனியர் எனப்படும். வழக்கமான முட்களுக்கு 70 டெனியர் பொருந்தினால், மிகச் சிறியவற்றுக்கு 30 டெனியர் நூல் ஏற்றது. நூற்கண்டைத் தாங்கும் கருவியை முறுக்குக்கு எதிர்த்திசையில் சுழற்றினால் நூல் பிரிந்து நாடாவாகத் தட்டையாகும். அப்போது சுற்றின் மேல் சுற்று விழுந்தாலும் பருமன் கூடாது. இறகைப் பிணைக்க மூன்று நான்கு சுற்றுகளும், முள்ளின் கண் அடைபடாதபடி முடிச்சுக்குச் சிறிது இடமும் போதும்.

தத்துப்பூச்சியைப்போல் கட்டுவதை அமெரிக்கரான வின்சென்ட் மாரினாரோ 1950-இல் வெளியிட்ட புத்தகம் பரவச்செய்தது. முள்ளைச் சுற்றிய குட்டையான சேவலிறகின் மேல், தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகு ஒன்றைத் தட்டையாகக் கிடத்துவதே அவர் முறை. அந்த இறகின் நுனியில் இழைகள் ஒன்றாக இணைந்து மெழுகு படிந்த சிறு தகடாக மாறியிருப்பதால், அது பூச்சியின் மூடிய சிறகாகவே தோன்றும். புதுச்சேரியில் தங்கியிருந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சொன்னரா 1782-இல் வெளியிட்ட பயணநூலில் இக்கோழியை விவரித்தார்; 1813-இல் பறவையியலாளர் டெமிங்க் அதற்குச் சொன்னராவின் பெயரையே சூட்டினார்.

இறகுக்காகக் கொல்லப்பட்ட இப்பறவை இன்று 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உள்ளது. அதைத் தொடாதிருப்பதால் பொய்ப்பூச்சிக் கலைக்கு இழப்பேதும் இல்லை. வீட்டுக்கோழியின் சிற்றிறகில் வார்னிஷ் தடவி, விரலிடுக்கில் உருவி, உலர்ந்தபின் நுனியை வட்டமாக வெட்டினால் அதே தட்டையான சிறகு கிடைக்கிறது. நீருக்கடியிலிருந்து மேலே நோக்கும் மீனின் கண்ணுக்கு, வெளிச்சத்தை மறைக்கும் அந்த வடிவமே பெரிதும் புலப்படும்.