மாக்கல்லில் கைப்பழக்கம்

நகத்தால் கீறினாலே தடம் விழும் கல் மாக்கல். முகப்பவுடருக்கு மூலப்பொருளான டால்க்தான் இதிலும் மிகுதி. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் டால்க்கின் இடம் 1; சிற்பிகள் பொளியும் கருங்கல்லோ 6-க்கும் மேலே. வத்தக்குழம்பு கொதிக்கும் கல்சட்டி இந்தக் கல்லில் குடைந்ததுதான். சேலம் வட்டாரம் அதற்குப் பேர்போனது. சிந்துவெளி முத்திரைகளிலும் பெரும்பாலானவை இந்த இனக் கல்லே. செதுக்கிய பிறகு சூளையில் சுட்டு அவற்றைக் கெட்டியாக்கினார்கள்.

மும்பைவாசிகளுக்குக் கண்ணெதிரே ஒரு பாடம் உண்டு. 1878-இல் தொடங்கி 1888-இல் முடிந்த விக்டோரியா டெர்மினஸின், இன்றைய சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸின், கல் அலங்காரங்களில் பம்பாய் கலைப்பள்ளி மாணவர்களின் கைவண்ணம் உண்டு. அங்கே இலையும் பறவையுமாக விரிந்திருக்கும் சுண்ணாம்புக்கல் மாக்கல்லைவிடக் கெட்டி. ஆனாலும் கை உளிக்கு இணங்கும். தாராவியிலிருந்தோ செம்பூரிலிருந்தோ ரயிலேறிப் போய் அவற்றை நின்று பார்ப்பது, புதிதாகத் தொடங்குபவருக்கு நல்ல பயிற்சி.

கல்லைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் கூடாது. லேசாகத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமான ஓசை உள்விரிசலைக் காட்டலாம். நீரில் நனைத்து உலரவிட்டால், மற்ற இடம் காய்ந்த பின்னும் விரிசல் மட்டும் கருங்கோடாக ஈரம் காட்டும். முதல் வேலைக்குக் கழுத்தும் கையும் நீளும் உருவம் வேண்டாம். மெல்லிய பாகம்தான் முதலில் உடையும். உருண்டு படுத்த ஆமையோ, தட்டையான புடைப்புச் சித்திரமோ போதும். நான்கு பக்கமும் பென்சிலால் வரைந்துகொண்டு, வேண்டாத மூலைகளை ஹாக்ஸா பிளேடால் அறுத்து, முரட்டு அரத்தால் உருவம் கொண்டுவரலாம். நுணுக்கத்துக்கு மட்டும் உளி. கண், மூக்கு போன்றவற்றை எப்போதும் கடைசியில் தொட வேண்டும். எடுத்த கல்லைத் திரும்ப ஒட்ட வழியில்லை.

தூசிதான் உண்மையான ஆபத்து. சில மாக்கல்லில் ஆஸ்பெஸ்டாஸ் நாரும் கலந்திருக்கும். ஆகவே எங்கிருந்து வந்ததென்று தெரியாத கல்லைத் தவிர்ப்பது நல்லது. கல்லை நனைத்தபடியே அராவ வேண்டும். தூசியைத் தடுக்கும் முகக்கவசமும் கட்டாயம். உலர்ந்த தூளைப் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். கழுவிய நீரை வாளியில் தெளியவிட்டு, அடியில் தங்கும் சேற்றைத் தனியே அகற்றுவது அவசியம். இல்லையேல் அடுக்குமாடியின் வடிகுழாய் அடைத்துக்கொள்ளும்.

முடிவில் 220, 400, 600 என ஏறும் எண்களில் நீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்த்தால் கீறல்கள் மறையும். நன்றாக உலர்ந்ததும் எண்ணெயோ மெழுகோ பூசினால் வெளிறிய சாம்பல் நிறம் ஆழ்ந்த கருமையாகும். கிண்ணமாகக் குடைந்தாலும் அது அலங்காரத்துக்கே. சமையலுக்கு, கல்லறிந்த கல்தச்சர் செய்த சட்டியை வாங்கி, வடித்த கஞ்சி ஊற்றிப் பழக்கிய பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும்.