அழித்த பின்னும் அழியாதவை

ஓலை ஏட்டில் எழுத்தாணியால் கீறிய எழுத்தை எளிதில் அழித்துவிட முடியாது. சிலேட்டில் எழுதியதையோ ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தாற் போதும். எழுதிய சுவடே இராது. கணினியில் ஒரு கோப்பை அழிக்கும்போது நாம் சிலேட்டைத் துடைத்துவிட்டதாகவே எண்ணிக்கொள்கிறோம். உண்மை அதற்கு மாறானது. இதனை விளங்கிக்கொண்டால், பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றிய வன்தட்டை வேறொரு கணினியில் அச்சமின்றிப் பயன்படுத்தும் வழியும் விளங்கிவிடும்.

வன்தட்டு என்பது யாது? காந்தப் பூச்சுடைய வட்டத்தகடுகள் ஒரு பெட்டியினுள் விரைந்து சுழல்கின்றன. அவற்றின் மேற்பரப்பைத் தொடாமல், மிக அண்மையில் மிதந்து செல்லும் ஒரு முனை எழுதவும் படிக்கவும் செய்கின்றது. 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதலாவது வன்தட்டுப் பொறியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அப்பெரும் பொறி கொண்டது ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகள். இன்று மடிக்கணினியிலிருந்து கழற்றப்படும் 500 கிகாபைட் வன்தட்டு உள்ளங்கையில் அடங்குவது. ஆயினும் அதனைப்போல் ஓர் இலட்சம் மடங்கு கொள்ளத்தக்கது. ஒரு குடும்பத்தின் பல்லாண்டுக் கடிதங்களும், படங்களும், வங்கிக் கணக்குகளும் அதனுள் ஒரு மூலையில் அடங்கிவிடும்.

இத்தட்டை ஒரு நூலகத்துக்கு ஒப்பிடலாம். நூல்கள் அடுக்குகளில் இருக்கின்றன. எந்நூல் எவ்வடுக்கில் என்பதைக் கூறும் அட்டவணை வாயிலில் இருக்கின்றது. கோப்பொன்றை நாம் அழிக்கும்போது, கணினி அட்டவணையிலுள்ள குறிப்பை நீக்கி, ‘இவ்விடம் வெறிது’ என்று பதிந்துகொள்கிறது. நூல் அடுக்கிலேயே இருக்கின்றது. வேறொரு நூல் அவ்விடத்துக்கு வரும்வரை அது அங்கேயே கிடக்கும். விரைவு வடிவமைப்பு எனப்படுவதும் இத்தகையதே. பழைய அட்டவணையை அகற்றிப் புதிய வெற்று அட்டவணையை வைப்பதன்றி வேறில்லை. அட்டவணையைப் பொருட்படுத்தாது அடுக்குகளையே நேராகத் தேடும் மீட்பு மென்பொருள்கள் பல உள. அவற்றுட் சில இலவசமாகவும் கிடைக்கின்றன.

இதன் விளைவு எத்தகையது என்பதை அமெரிக்காவில் நிகழ்ந்த ஓர் ஆய்வு காட்டியது. மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த சிம்சன் கார்பின்கெல், அபி ஷெலட் என்னும் இருவர், பழம்பொருட் சந்தையில் விலைக்கு வந்த 158 வன்தட்டுகளை வாங்கி ஆராய்ந்து, முடிவுகளை 2003ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவற்றுள் இயங்கியவை 129. முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவையோ 12 மட்டுமே. எஞ்சியவற்றிலிருந்து 5,000க்கு மேற்பட்ட கடனட்டை இலக்கங்களும், மருத்துவக் குறிப்புகளும், தனிப்பட்ட கடிதங்களும் வெளிப்பட்டன. ஒரு தட்டு, வங்கியின் தன்னியக்கப் பணப் பொறியில் இருந்ததாகத் தோன்றியது. வாடிக்கையாளரின் கணக்கு விவரங்கள் அதில் அப்படியே இருந்தன. இத்தட்டுகளை விற்றவர்களிற் பலர், எல்லாவற்றையும் அழித்துவிட்டோம் என்றே நம்பியிருத்தல் கூடும்.

ஆகவே செய்யவேண்டியதை ஒழுங்காக நோக்குவோம். முதலாவது, வேண்டியவற்றைப் பிரதிசெய்து வேறிடத்தில் வைத்தல். பிரதி சரியாகத் திறக்கின்றதா என்று பார்த்த பின்னரே அடுத்த படிக்குச் செல்லல் வேண்டும்.

இரண்டாவது, இணைத்தல். மடிக்கணினித் தட்டு இரண்டரை அங்குலம் எனப்படும் வகையைச் சேர்ந்தது; மேசைக்கணினித் தட்டு மூன்றரை அங்குலம் எனப்படும் வகை. அளவில் வேறுபட்டாலும், சாட்டா வகையைச் சேர்ந்தனவாயின் இரண்டினதும் இணைப்புமுனைகள் ஒன்றே. சிறிய தாங்கி ஒன்றைத் திருகாணியால் பொருத்தினால் மேசைக்கணினியில் அமர்ந்துவிடும். யூ.எஸ்.பி. உறை ஒன்றினுள் இட்டு வெளியிலிருந்தும் இணைக்கலாம். சாட்டாவுக்கு முற்பட்ட ஊசிமுனைத் தட்டுகளுக்குத் தனி இணைப்பி தேவை.

மூன்றாவது, இனங்காணல். பெருந்தவறு நிகழும் இடம் இதுவே. துடைக்கும் கட்டளை, குறித்த தட்டு பழையதா, கணினியின் சொந்தத் தட்டா என்று ஆராய்வதில்லை. ஆகவே கொள்ளளவைக் கொண்டு தட்டை உறுதிசெய்க. 500 கிகாபைட் என்று பொறிக்கப்பட்ட தட்டை விண்டோஸ் ஏறத்தாழ 465 என்றே காட்டும். எண்ணும் முறை வேறாதலால் நேர்வது அது, குறைபாடன்று. ஐயம் இருப்பின் மற்றைத் தட்டுகளைக் கழற்றிவைத்தல் நன்று.

நான்காவது, துடைத்தல். விண்டோஸில் டிஸ்க்பார்ட் என்னும் கருவி உண்டு. அதில் ‘கிளீன்’ என்னும் கட்டளை அட்டவணையை மட்டும் நீக்கும். ‘கிளீன் ஆல்’ என்பதோ, மறைந்திருக்கும் மீட்புப் பகுதிகள் உட்படத் தட்டு முழுவதிலும் சுழியங்களை எழுதும். செக்கனுக்கு 80 மெகாபைட் எழுதினாலும் 500 கிகாபைட்டுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் செல்லும், பொறுமை வேண்டும். 1996இல் பீட்டர் குட்மன் என்பார் எழுதிய கட்டுரையை ஒட்டி, 35 முறை எழுதவேண்டும் என்ற கருத்துப் பரவியது. அது அக்காலத்துப் பல்வகைத் தட்டுகளையும் ஒருங்கே கருதிய கணக்கு. இன்றைய காந்தத் தட்டுகளுக்குப் பொதுவாக ஒருமுறை போதுமென அமெரிக்க நியம நிறுவகத்தின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகின்றது. பின்னர் புதிய பிரிவொன்றை உருவாக்கி வடிவமைத்தால் தட்டு பணிக்கு ஆயத்தமாகிவிடும்.

எஸ்.எஸ்.டி. எனப்படும் சுழலாத சேமிப்பகத்துக்கு இம்முறை போதாது. அது தேய்மானத்தைப் பகிரும்பொருட்டு, நாம் எழுதுவதை வெவ்வேறு இடங்களில் மாறிமாறி இடுவதால், பழையது எங்கோ எஞ்சக்கூடும். அதனைத் தயாரித்த நிறுவனம் தரும் பாதுகாப்பு அழிப்புக் கருவியையே நாடல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. துடைத்த தட்டு தூய்மையானதேயன்றி இளமையானதன்று. ‘டிக், டிக்’ என்ற ஓசை எழுந்தாலோ, எழுதுகையில் பிழைகள் தோன்றினாலோ அதற்கு ஓய்வளிப்பதே அறிவுடைமை. நலமாக இயங்கினும், வேறு பிரதி இல்லாத எதனையும் அதில் தனியே விட்டுவைத்தல் ஆகாது. இவ்வாறு பயன்படுத்துவோர்க்குப் பழைய தட்டு சில ஆண்டுகள் நற்பணி புரியும். அதில் முன்பு எழுதியவரின் வாழ்வும் பிறர் கண்ணுக்குப் புலப்படாது.